சுத்துது

இணையத்தைப் பற்றிப் பேச அம்மாவிடம் ஒரே ஒரு வினைச்சொல்தான் உண்டு. சுத்துது. "அண்ணன் அனுப்பின வீடியோ சுத்திக்கிட்டே இருக்குடி." "நேத்து நல்லா வந்துச்சு, இன்னிக்கு என்னவோ சுத்துது." திரையின் நடுவில் வாலைத் துரத்தும் நாய்க்குட்டி மாதிரி ஒரு வட்டம் வருமே, அதுதான். வராத பக்கம், வந்துகொண்டே இருக்கும் பக்கம், வந்தும் கை வைத்தால் அசையாத பக்கம், எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

பன்னிரண்டு வருடமாக நான் செய்யும் வேலை அந்த வட்டத்தின் ஆயுளைக் குறைப்பது. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி. யாராவது தங்கள் தளத்தைக் கொண்டுவந்து, மெதுவா இருக்கு, பாருங்க என்பார்கள். படங்களைச் சுருக்க வேண்டும், வேண்டாத ஸ்கிரிப்டைத் தூக்க வேண்டும், எது முதலில் போக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று வரிசை கட்ட வேண்டும், பார்ப்பவரின் போனுக்கும் நெட்வொர்க்குக்கும் தக்கபடி பக்கத்தை அனுப்ப வேண்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் "வெப்சைட்டுக்கெல்லாம் ஜிம் டிரெய்னர்" என்று சொல்லிவிடுவேன். கல்யாணப் பந்தியில் அதற்குமேல் விளக்க முடியாது.

சேலையூரிலிருந்து தினமும் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய்வருகிறேன். மாலையில் கேம்ப் ரோடு சந்திப்பை நெருங்கும்போது பேருந்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேராவது போனை முகத்துக்கு அருகே கொண்டுபோவார்கள். சிக்னல் கட்டங்கள் நிரம்பியிருக்கும், 4ஜி என்று எழுதியும் இருக்கும், ஒன்றும் வராது. புறநகர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க லாரித் தண்ணீரைச் சொன்னால் போதும். லாரி வந்து நிற்கிறது என்பது ஒரு செய்தி. உன் குடம் நிரம்பியதா என்பது வேறு செய்தி. திரையில் தெரியும் கட்டங்கள் லாரி வந்ததைத்தான் சொல்கின்றன. அதே டவரிடம் அந்தச் சந்திப்பில் நிற்கும் அத்தனை பேரும் குடத்தை நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்வதில்லை.

உலாவிகளில் ஒரு வசதி இருக்கிறது. பார்ப்பவரின் இணைப்பு எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பக்கத்திடம் சொல்லும். அதற்குத் தெரிந்த தரங்கள் நான்கு: மெதுவான 2ஜி, 2ஜி, 3ஜி, 4ஜி. வீட்டு ஃபைபரில் அமர்ந்திருப்பவரும் 4ஜி, ஓரளவு சுமாரான மொபைல் இணைப்பில் இருப்பவரும் 4ஜி. எல்லோரையும் பாஸ் போட்டுவிடும் வாத்தியார் மாதிரி அது. இதை நம்பிப் பெரிய படத்தை அனுப்புவதா சின்னதை அனுப்புவதா என்று முடிவெடுக்கும் நிரல்களை நிறைய பார்த்திருக்கிறேன். நான் நம்புவதில்லை.

அந்த வட்டம் சுற்றும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? பெரும்பாலும் தபால். போன் ஒரு கடிதம் போடுகிறது, பதில் வரும்வரை சும்மா இருக்கிறது. முதலில் 'இருக்கியா?' என்று ஒரு கடிதம். பிறகு பூட்டு சாவி பரிமாறிக்கொள்ள ஒன்று. அதன் பிறகுதான் 'அந்தப் பக்கத்தைக் கொடு'. சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர எவ்வளவு குறைத்தாலும் 130 மில்லிநொடி. எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க முடியாது. ஆகவே பெரிய தளங்கள் தங்கள் நகலை நம் பக்கத்திலேயே, சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ இருக்கும் டேட்டா சென்டரில் வைத்துவிடுகின்றன. அமெரிக்கா போக வேண்டிய கடிதம் அம்பத்தூரோடு திரும்பிவிடும். கேம்ப் ரோட்டில் நிற்பவருக்கு இதனால் பாதி நன்மைதான். அவருடைய கடிதம் டவருக்குப் போய்ச்சேரவே திணறுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. சர்வர் முதல் மூச்சில் எல்லாவற்றையும் கொட்டாது. பொதுவாகப் பத்துப் பொட்டலம், கிட்டத்தட்ட 14 கிலோபைட் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று காத்திருக்கும். சேர்ந்தது என்றால் அடுத்த முறை இரண்டு மடங்கு. புது மருமகளுக்கு முதல் நாள் பரிமாறுவது மாதிரி. ஆக, சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் அந்த முதல் 14 கிலோபைட்டுக்குள் இருந்தால் ஒரே நடையில் வந்து சேர்ந்துவிடும். இன்று மொபைலில் திறக்கும் ஒரு நடுத்தரப் பக்கத்தின் எடை 2 மெகாபைட்டைத் தாண்டுகிறது. அதில் வாசிக்கும் எழுத்து எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும். மூட்டை முழுக்க வைக்கோல், நடுவில் ஒரு மாம்பழம்.

தமிழுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். 'தமிழ்' என்று எழுதினால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், பதினைந்து பைட்டுகள். த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. ழ என்பது 224, 174, 180. புள்ளி 224, 175, 141. கவனித்தீர்களா? எல்லாமே 224 என்றுதான் தொடங்குகின்றன. அடுத்தது 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே இனிஷியல். இப்படித் திரும்பத் திரும்ப வருவதை மடித்து வைப்பதில் சுருக்கும் நிரல்கள் கெட்டிக்காரர்கள். அந்தச் சுருக்கத்தைச் சர்வரில் ஒரு வரி எழுதி இயக்கினால் போதும், தமிழின் கூடுதல் எடையில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்த ஒரு வரி எழுதப்படாத தமிழ்த் தளங்களை இன்றும் பார்க்கிறேன். அப்போதெல்லாம் அம்மா மாதிரியே உச்சுக்கொட்டுகிறேன்.

நான் தமிழைத் திரையில் முதலில் வாசித்தது படமாக. 2010 வாக்கில், தாம்பரத்தில் கல்லூரி. கையில் ஸ்ரீபெரும்புதூரில் செய்த நோக்கியா. எங்கள் தெருவிலிருந்து இரண்டு அக்காக்கள் அந்த ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள், 2014 நவம்பரில் அது மூடப்படும்வரை. அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது. எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டம் கட்டமாக வரும், யாரோ காலி தீப்பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி. அதற்கு ஒரு மருந்து இருந்தது. ஓப்பரா மினி என்ற உலாவியை இறக்கி, முகவரிப் பட்டியில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று அடித்து உள்ளே போனால் அடியில் ஒரு கேள்வி இருக்கும்: சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் பயன்படுத்தவா? ஆம் என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான், தீப்பெட்டிகள் எல்லாம் அகரமாகவும் ககரமாகவும் மாறிவிடும். சிக்கலான எழுத்து என்றது நம்மைத்தான். எனக்கு அந்தப் பட்டத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

உண்மையில் அங்கே நடந்தது இது. நான் கேட்ட பக்கத்தை ஓப்பராவின் சர்வர் வாங்கும், தேவையற்றதைக் கழிக்கும், தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து என் போனுக்கு அனுப்பும். போனுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை, கொடுத்த படத்தைக் காட்டினால் போதும். மதுரைத் திட்டத்தின் நூல்களை மாம்பலத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் அப்படித்தான் வாசித்தேன். பிடித்த வரியை எடுத்துத் தோழிக்கு அனுப்ப முடியாது, ஏனென்றால் அது வரியே இல்லை, படம். ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. ஆனாலும் வந்தது. எனக்கு முந்தைய தலைமுறைக்கு இதுவும் இல்லை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்கி நிறுவ வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பொங்குதமிழ் மாதிரிக் கருவிகள் வேண்டும். தமிழ் வாசிக்க ஆசைப்பட்டவர்தான் தளத்துக்காக வளைந்தார், தளம் அவருக்காக வளையவில்லை. ஓப்பரா மினி என்னை ஈர்த்தது, முதல்முறையாக வேறு யாரோ எனக்காக வளைந்தார்கள் என்பதால்தான். அந்த வேலையே எனக்குப் பிழைப்பாகும் என்று அப்போது தெரியாது.

2015 டிசம்பர் 1. மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. நாங்கள் அப்போது முடிச்சூரில். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் எதிர்வீட்டு அக்காவின் மாடியில். மின்சாரம் போய் வெகு நேரம். போனின் மூலையில் 4ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை, 'ஈ' என்ற ஒற்றை எழுத்து. அதுகூட வந்து வந்து போனது.

தொலைக்காட்சி ஓடிய வரைக்கும் எல்லாச் சேனலிலும் செம்பரம்பாக்கம்தான். நொடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள் என்ற எண் ஊர் முழுக்கச் சுற்றியது. எங்கள் தெருவுக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழே. எங்கள் வாசலில் ஏறிய தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிப் பக்கமிருந்து வந்தது. அதைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு செய்தித் தளத்தைத் திறந்தேன். போனில் பதினொரு சதவீதம் சார்ஜ். சுற்றியது. நான்கு நிமிடமோ ஐந்தோ சுற்றியபின் பக்கத்தின் மேல்பகுதி மட்டும் திறந்தது. முழு அகலத்துக்கு ஒரு நகைக்கடை விளம்பரம், ஆரம் அணிந்த பெண் சிரித்தாள். கீழே செய்தி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "யாரும்மா இது?" என்றார்.

அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு குறுஞ்செய்திக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் என்றால் 160 எழுத்து, தமிழில் என்றால் 70 தான். 70 போதும். 'ஆதனூர் பக்கம் வரத்து குறைகிறது. வெளிவட்டச் சாலையில் படகு.' அவ்வளவுதானே. அதை யாரும் எங்கேயும் எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன், எழுதியும் இருக்கலாம், அந்த வெள்ளைப் பகுதியில்.

அடுத்த ஆண்டு ஒரு வாடிக்கையாளரோடு கூட்டம். தளம் யாருடையது என்பது வேண்டாம். மெதுவான இணைப்புக்குத் தனியாக ஒரு எடை குறைந்த வடிவம் கொடுக்கலாம் என்றேன். அவர் திரையில் அழகான வரைபடங்களைக் காட்டினார். "ஸ்லோ நெட்வொர்க்லேர்ந்து நமக்கு ஆளே வர்றதில்லையே மேடம். யாருக்காகப் பண்றது?" வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்களை எண்ணும் ஸ்கிரிப்ட் அந்தப் பக்கத்தில் கடைசியாக வருவது. பக்கம் முழுக்க இறங்கிய பிறகுதான் அது கண்ணைத் திறந்து எண்ணும். பாதியில் வெறுத்துப் போனவர், ஐந்து நிமிடம் நகைக்கடைப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர், யாரும் அதன் கணக்கில் இல்லை. கதவைத் திறக்க முடியாமல் திரும்பியவர்களை விட்டுவிட்டு, உள்ளே வந்தவர்களிடம் கதவு எப்படி என்று கேட்கிற கருத்துக்கணிப்பு.

இதற்கு யூடியூப்பிலேயே ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அங்கே பொறியாளராக இருந்த கிறிஸ் ஜகாரியாஸ், 1.2 மெகாபைட் இருந்த வீடியோ பக்கத்தை 98 கிலோபைட்டாக இளைக்க வைத்தார். வெளியிட்டுவிட்டுப் பார்த்தால், சராசரி நேரம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. குழம்பிப்போய் ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, சைபீரியா என்று அதுவரை கணக்கிலேயே வராத இடங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் புதிய பக்கம் திறக்க இரண்டு நிமிடம். பழையது இருபது நிமிடம், அதாவது திறக்காது. இரண்டு நிமிடம் காத்திருக்க அவர்கள் தயாராக இருந்தார்கள். இந்தக் கதையை அந்தக் கூட்டத்தில் சொன்னேன். வாடிக்கையாளர் ரசித்துக் கேட்டார். வேலை கிடைக்கவில்லை.

நமக்காக வளைகிறோம் என்று நடுவில் வந்தவர்கள் நிறையப் பேர். முகநூலின் ஃப்ரீ பேசிக்ஸ் ஒரு சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்க வந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அந்த வகைக் கட்டண பேதத்தைத் தடை செய்தது. கூகுளின் வெப் லைட், மெதுவான போனில் தேடுபவருக்குப் பக்கத்தைத் தானே உரித்துக் கொடுத்தது. 2022 டிசம்பரில் மூடிவிட்டார்கள். குரோமின் லைட் மோடை அதே ஆண்டு மார்ச்சில் எடுத்தார்கள். யூ.சி. பிரவுசர் 2020இல் தடையோடு போனது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு 'எல்லார்கிட்டயும்தான் 4ஜி இருக்கே' என்பது எல்லாக் கூட்டத்திலும் கேட்கும் வாசகம். இவர்கள் யாரையும் நான் திட்ட மாட்டேன், ஓப்பரா மினியில் வளர்ந்தவள். ஆனால் நடுவில் நின்று உரித்துக் கொடுப்பவருக்கு நான் எதையெல்லாம் வாசிக்கிறேன் என்பதும் தெரியும், கடையைச் சாத்தும் தேதியும் அவர் கையில். பக்கத்தைச் செய்தவரே ஒல்லியாகச் செய்தால் இவர்களுக்கு வேலையே இல்லை.

லைட் என்ற சொல்மீதே எனக்கு ஒரு கடுப்பு உண்டு. பல தளங்களில் லைட் என்றால் விளம்பரம் அப்படியே இருக்கும், கட்டுரை பாதியாகும். மொபைல்ல பாக்கிறவனுக்கு இவ்ளோ போதும் என்று யாரோ ஏசி அறையில் முடிவு செய்திருப்பார்கள். ரேஷன் கடை எடைக்கல் மாதிரி. 2017இல் இர்மா புயல் ஃப்ளோரிடாவை நெருங்கியபோது சி.என்.என்.னும் என்.பி.ஆரும் வெறும் எழுத்து மட்டுமே கொண்ட பக்கங்களைக் கொடுத்தன. படம் இல்லை, வீடியோ இல்லை. செய்தி முழுசாக இருந்தது. வைக்கோலைக் குறைத்தார்கள், மாம்பழத்தை அறுக்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் சரியான வளைவு அதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் சேலையூருக்கு வந்துவிட்டேன், மூன்றாவது மாடி. அப்பாவும் அம்மாவும் முடிச்சூரை விட்டு வர மாட்டோம் என்றார்கள். 2023 அக்டோபரில், மழை தொடங்குமுன், எங்கள் பழைய தெருக்களுக்காக ஒரு பக்கம் செய்தேன். மும்பையில் மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு ஒரு சர்வர். அதில் ஒரே ஒரு கோப்பு, சுருக்கினால் 9 கிலோபைட். எழுத்துரு எதுவும் அனுப்பவில்லை, போனில் இருக்கும் தமிழே போதும். ஸ்கிரிப்ட் இல்லை. இடத்தின் பெயர், தண்ணீர் எத்தனை படி, யாரோ கண்ணால் பார்த்துச் சொன்ன நேரம். அமுதம் நகர் முதல் தெரு, இரண்டாம் படி. அண்ணாச்சி கடை, முதல் படிக்குக் கீழே. அடி, செ.மீ. எல்லாம் போட்டுப் பார்த்தேன், அண்ணாச்சியே கலைத்துவிட்டார். "செ.மீ.ய எவன்மா பாத்தான்? எங்கட படி மூணு, அத சொல்லு." எது கடைசியாக மாறியதோ அது மேலே வரும். அம்மாவிடம் திறந்து காட்டினேன். விரலை எடுக்குமுன் வந்து நின்றது. "சுத்தவே இல்லையே," என்றார் சந்தேகமாக. "இது இன்டர்நெட்தானா?"

டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் புயலின் மழை பிடித்தது. 4ஆம் தேதி முழுக்க விடவில்லை. இன்வெர்ட்டரில் லேப்டாப், பக்கத்தில் இரண்டு போன். அப்பா மாடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வார், அண்ணாச்சி சொல்வார், வரதராஜபுரத்திலிருந்து ஒரு பழைய வகுப்புத் தோழி சொல்வாள். நான் படியை மாற்றுவேன்.

சர்வர் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கும். யாராவது பக்கத்தைக் கேட்டால் நேரத்தையும் ஒரு மூன்றிலக்க எண்ணையும் எழுதிக்கொள்ளும். 200 என்றால், இந்தா புதுசு. 304 என்றால், போன தடவைக்குப் பிறகு எதுவும் மாறவில்லை, உன்னிடம் இருப்பதையே பார்த்துக்கொள். இந்த 304 எங்கள் தொழிலில் செல்லப்பிள்ளை. 9 கிலோபைட்டைக்கூட மறுபடி அனுப்பாமல் சில நூறு பைட்டில் பேச்சு முடிந்துவிடும். டேட்டாவும் மிச்சம், பேட்டரியும் மிச்சம்.

4ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குமேல் அந்த நாட்குறிப்பில் கிட்டத்தட்ட ஒரே ஒரு போன்தான். ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் எத்தனையோ பேர் இருக்கலாம், மொபைல் நெட்வொர்க்கில் அப்படித்தான். ஆனால் இது ஒரு பழைய ஆண்ட்ராய்டு 6, எங்கள் பக்கம் வந்தவர்களில் வேறு யாரிடமும் அது இல்லை. 2.10க்கு 304. 2.20க்கு 304. 2.31க்கு 304. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ தண்ணீர் ஏறியதா என்று கேட்கிறார், சர்வர் மாறவில்லை என்கிறது. அது உண்மையில் தண்ணீரைப் பற்றிய பதில் இல்லை. எனக்கு யாரும் போன் செய்யவில்லை என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்பாவை எழுப்பினேன். அதே படிதான் என்றார். பக்கத்தின் உச்சியில் ஒரு வரி சேர்த்தேன்: 'கடைசியாகக் கேட்டது 2.40. அதே படி.' இனி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்த நேரத்தை மட்டும் மாற்ற முடிவு செய்தேன். எங்கள் கம்பெனியில் இதைச் செய்தால் வீண் செலவு என்று சிவப்புக் கோடு போடுவார்கள், அதே படியைச் சொல்ல முழுப் பக்கத்தையும் திரும்பத் திரும்ப அனுப்புவதாக.

2.42க்கு 200. 2.53க்கு 200. 3.04க்கு 200. அடுத்தது 3.30. அதன் பிறகு அந்தப் போன் காலை ஆறே காலுக்குத்தான் வந்தது.